வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த சேனல்

பெரியவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். தலைப்பு, "உழைப்பால் உயர்ந்த என் தாய்." அம்மா இரவு பகல் பாராமல் உழைத்து, விடாமுயற்சியால் வீடியோ சேனலை வளர்த்தாள் என்று அதில் இருந்தது. டீச்சர் சிவப்பு மையில் "மிக நன்று" என்று போட்டிருந்தார். கையெழுத்தும் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் நடந்தது அப்படி இல்லை. உழைப்பு இல்லையென்று நான் சொல்லவில்லை, இருந்தது. உழைத்த காலத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. சண்டை வந்த பிறகுதான் பார்க்க ஆரம்பித்தார்கள். கட்டுரையில் இதையெல்லாம் எழுதினால் மார்க் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பத்தாவதோடு நின்றவன். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும் மீதி நேரம் தூக்கத்திலும் இருந்தீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் அம்மாவின் தையல் வகுப்பு இருக்கிறதல்லவா, அதில் ஒரு காலத்தில் எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கற்றுக்கொள்ள வந்த பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை. ஒவ்வொரு மெஷினாகத் துணி போட்டு மூடினாள் அம்மா. கடைசியில் அவள் உட்கார்ந்து தைக்கிற மெஷின் மட்டும் திறந்திருந்தது.

செருப்புக் கம்பெனி பஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. சின்னவன் பிறப்பதற்கு முன்னால் அம்மா கொஞ்ச காலம் அதில் போனாள். விடியும் முன்னே கூட்டு ரோட்டுக்கு வரும். இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். பெரியவள் அப்போது பாட்டிலில் பால் குடிக்கிற குழந்தை. தன் பிள்ளையை விழித்த முகமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். வேலையை விட்டு வந்தபோது, இனி அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றாள். கம்பெனி மேல் குறை ஒன்றும் இல்லை, சம்பளம் சரியாகத்தான் கொடுத்தார்கள். அவளுக்குத் தைக்கவும் சொல்லிக்கொடுக்கவும்தான் ஆசை.

மெஷின்களையெல்லாம் மூடின வருஷம், அந்தக் கம்பெனியின் பெண் சூப்பர்வைசர் சந்தையில் அம்மாவைப் பார்த்துவிட்டு, "மறுபடி ஆள் எடுக்கறோம், வரியா?" என்று கேட்டார். "பொங்கலுக்கு அப்புறம் சொல்றேங்க" என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "அதுக்குள்ள நாலு பொண்ணுங்க கத்துக்க வந்துட்டா நான் போவமாட்டேன். வரலன்னா போறேன். அவ்ளோதான்" என்றாள். அப்போது ஆடி மாதம்.

வீடியோ போடலாம் என்று சொன்னது பெரியவள்தான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

முதல் வீடியோவுக்கு அம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். போனை நான் பிடித்துக்கொண்டேன். நெல் மூட்டை ஏற்றுகிற கை என்பதால் ஆடாது என்று நினைத்தேன். ஆடியது. அம்மா போனைப் பார்த்துக் கும்பிட்டு, "அன்பார்ந்த சகோதரிகள் அனைவருக்கும் பணிவான வணக்கம். இன்று நாம் காணவிருப்பது ரவிக்கை வெட்டும் முறை" என்று ஆரம்பித்தாள். வகுப்பில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஏய், கத்திரிய இன்னா கோழி புடிக்கற மாதிரி புடிக்கற?" என்பதுதான் வகுப்பில் அவள் பேச்சு. ரவிக்கை என்ற வார்த்தையையே அவள் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். ஊரில் எல்லோரையும் போல அவளும் ஜாக்கெட் என்றுதான் சொல்வாள். கீழே ஹார்டுவேர் கடையில் பைப் அறுத்தார்கள். அந்தச் சத்தம் நன்றாகப் பதிவாகியிருந்தது.

"எப்டி இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குது" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பட்டுப்புடவையில் அவளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இப்படியே நிறைய வீடியோ போட்டோம். பார்த்தவன் பெரும்பாலும் நான்தான். குட்டி யானை வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு, நெல் விற்கிற கமிட்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது பார்ப்பேன். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, ஜாக்கெட் தெக்கறத பாத்துனு இருக்கற? வண்டிய வித்துடப் போறியா?" என்று கேட்டார். அவரையும் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னால் வண்டி நகர்ந்ததாகச் சொன்னார். நகரவில்லை.

ஐப்பசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"கூப்டாம யாருங்க வருவாங்க?" என்றாள். "நாம யாரயாச்சும் கூப்ட்டமா? போன்ல அனுப்சிட்டா அது கூப்ட்டதா ஆவுமா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நம் சனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பத்திரிகையைக் கையில் கொடுக்க வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் இருக்க வேண்டும், புருஷனும் பெண்சாதியுமாகப் போய் நிற்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தாலும் வரமாட்டார்கள். பத்திரிகையைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போனதற்காக ரொம்ப வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

ஆகவே தட்டை எடுத்துக்கொண்டோம். பத்திரிகை மட்டும் இல்லை. அதற்குப் பதில் சேனல் பெயரை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம்.

முதலில் யார் வீடு என்பதில் சந்தேகமே இல்லை. அனந்தபுரத்தில் உங்கள் பெரிய அத்தை வீடு. என் கூடப் பிறந்தவர்களில் மூத்தவள் அவள். அவள் வீட்டுக்கு முன்னால் வேறு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தட்டைப் பார்த்ததும் அத்தை, "இன்னாடா விசேஷம்? ரெண்டு புள்ளைங்களுக்கும் காது குத்தியாச்சே" என்றாள்.

"சேனல் ஆரம்பிச்சிருக்கோம் அண்ணி. நீங்கதான் மொதல்ல வந்து சேரணும்" என்றாள் அம்மா.

அத்தை தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள். "எப்ப?" என்று கேட்டாள்.

"எப்ப வேணா பாக்கலாம் அண்ணி."

"அது இன்னா விசேஷம், நேரங்காலம் இல்லாம?" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நீயே அமுக்கிட்டுப் போ."

சப்ஸ்கிரைப் பட்டனை நான் அமுக்கினேன். காபி கொடுத்தாள். வந்துவிட்டோம்.

அதன் பிறகு எல்லா வீட்டிலும் இதே மாதிரிதான். போனை நீட்டுவார்கள், நான் அமுக்குவேன், காபி வரும். இப்படியாக என் மனைவியின் சேனலுக்கு வந்த கூட்டம் முழுவதும் என் ஆள்காட்டி விரலால் வந்தது. பனமலையில் ஒரு மாமா மட்டும் தானே அமுக்குவேன் என்றார். அமுக்கிவிட்டு, "ஒண்ணு போதுமாப்பா? நம்ம உறவுக்கு ஒண்ணு எப்டி, இன்னொண்ணும் வெக்கறேன்" என்று மறுபடி அமுக்கினார். இரண்டாவது முறை அமுக்கினால் முதலில் சேர்ந்தது ரத்தாகிவிடும். அதைச் சொன்னால் வருத்தப்படுவார் என்று நான் மூன்றாவது ஒன்று கேட்டேன். தாராளமாக வைத்தார்.

தளவானூரில் என் சித்தப்பா மகன் விவரமானவன். "அண்ணே, நான் உங்களுக்கு வெச்சுட்டேன். நம்ம ஆட்டு சேனலுக்கு நீங்க வெக்கணும்" என்றான். நியாயம்தானே. மொய் வைத்தால் திருப்பி வைக்க வேண்டும். அவன் ஆட்டு சேனலில் சேர்ந்தோம். இன்னொரு வீட்டில் பைக் கழுவுகிற சேனல், இன்னொரு வீட்டில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் சேனல். எல்லாவற்றிலும் சேர்ந்தோம். ஒன்றையும் இன்றுவரை திறந்து பார்த்ததில்லை. அப்படியிருந்தும், நம் சேனலை ஏன் யாரும் திறந்து பார்க்கவில்லை என்று நானும் அம்மாவும் கார்த்திகை மாதம் முழுவதும் யோசித்தோம்.

ஆமாம், பார்க்கவில்லை. சேர்ந்தவர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். வீடியோவைப் பார்த்தவன் மறுபடியும் நான்தான். வெளியிலிருந்து முன்பு ஒன்றிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களும் நின்றுவிட்டார்கள்.

கடைத்தெருவில் போனுக்கு உறை விற்கிறவரிடம் கேட்டேன். அவரும் ஒரு சேனல் நடத்தி மூடியவர்.

"சொந்தக்காரங்களயா சேத்தீங்க?" என்றார்.

"முறைப்படி போய் கூப்ட்டோம்ங்க."

"கெடுத்தீங்களே. புது வீடியோ போட்டா, அது மொதல்ல சேந்தவங்க கிட்டதான் காட்டும். அவங்களே தொறக்கலன்னா, இது யாருக்கும் வேணாத வீடியோன்னு நெனச்சுக்கும். அப்புறம் வெளியாளுங்க கிட்ட காட்டாது. உங்க சொந்தக்காரங்க வாசல அடச்சிட்டு உக்காந்திருக்காங்க."

"இதுக்கு இன்னா பண்றது?"

"அவங்கள போவ சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"தட்டு வெச்சு கூப்ட்டுட்டு, இப்ப எழுந்து போங்கன்னு சொல்றதா? பந்தியில உக்காந்தவங்களயா?"

"நான் சொல்லல. அவரு சொன்னாரு."

"உங்க அக்கா கிட்ட நீங்க போய் சொல்லுங்க பாப்போம்."

நான் சாப்பிட்டேன். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

மார்கழி பிறந்துவிட்டது. மெஷின்கள் மூடியபடியே இருந்தன. அம்மா ஒரு நாள் அலமாரியிலிருந்து கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகிற நீலக் கோட்டை எடுத்து, துவைத்து, மாடியில் காயப்போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரியவள் கேட்டாள். "சும்மா, பூச்சி அரிச்சிடும்" என்றாள் அம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் சொன்னதுதான் அடுத்தது. "நைனா, இந்த சேனல் அப்டியே இருக்கட்டும். யாருக்கும் சொல்லாம வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம்."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல் ஒரு காரியத்தை ஆரம்பிப்பது அவளுக்குத் திருட்டு மாதிரி இருந்தது. கடைசியில் சம்மதித்தாள். ஆனால் குங்குமம் வைக்காமல் ஆரம்பிக்க மாட்டேன் என்று, வைக்க வேறு ஆளில்லாததால் போன் நிறுத்துகிற ஸ்டாண்டுக்கு வைத்தாள்.

யாரும் வரப்போவதில்லை என்பதால் பட்டுப்புடவை கட்டவில்லை. வீட்டுப் புடவையோடு நின்றாள். யாரும் வரப்போவதில்லை என்பதால் கும்பிடவும் இல்லை. அளவு ஜாக்கெட் போட்டுவைத்திருக்கும் பையில் கையை விட்டு, கைக்கு வந்ததை இழுத்து மேஜைமேல் போட்டாள். மெரூன் நிறம், மஞ்சள் ஓரம். பேச ஆரம்பித்தாள்.

"நம்ம பொம்பளைங்க ஒடம்புல அளவெடுக்க விடமாட்டாங்க. பழைய ஜாக்கெட்ட குடுத்து, இதே மாதிரி தைன்னுவாங்க. அந்தப் பழசுலயே தப்பு இருந்தா? இதோ பாரு, இந்தக் கை வெக்கற வளைவு. இவ்ளோ கீழ எறக்கி வெட்டினா, கைய தூக்கும்போது மொத்த ஜாக்கெட்டும் கூடவே ஏறும். பஸ்ல கம்பிய புடிச்சா ஏறும். கல்யாணத்துல அட்சதை போட்டா ஏறும். மொத தபா எவனோ தப்பா வெட்டிட்டான். அதயே அளவா வெச்சு வெச்சு நாங்களும் தப்பாவே தெச்சுக்கினு இருக்கறோம். போடறவங்க, நம்ம ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. ஒடம்பு நல்லாதான் இருக்குது. வளைவுதான் சரியில்ல."

பிறகு வளைவை எப்படி மேலே ஏற்றி வெட்டுவது என்று காட்டினாள். அவ்வளவுதான் வீடியோ. பைப் அறுக்கிற சத்தம் இதிலும் இருந்தது.

கொஞ்ச நாளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கிருந்து என்று தெரியாது. நம் ஊர் இல்லை, நம் சனம் இல்லை. கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தவர்கள் கடைசி வரைக்கும் இருந்தார்கள். ஒரு பெண் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, என் ஜாக்கெட்டும் இப்படித்தான் ஏறும். கல்யாணம் ஆனதிலிருந்து என் கை குண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." அம்மா அதைப் படித்தாள். மாவு அரைக்கப் போனாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள்.

நான் சொல்ல மறந்தது ஒன்று. அந்த மெரூன் ஜாக்கெட் பெரிய அத்தையுடையது.

உங்கள் காதுகுத்துக்கு எடுத்த புடவையின் துணியில் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அத்தை அன்றைக்கு மண்டபத்தில் முன்வரிசையில் நின்றாள். எல்லா போட்டோவிலும் இருக்கிறாள். அம்மா வேண்டுமென்று எடுக்கவில்லை, பையில் கைக்கு வந்தது அதுதான். ஆனால் நம் சொந்தத்தில் யார் பார்த்தாலும் அது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

பார்த்தது அத்தையின் மருமகள். அவளாகத் தேடிப் போகவில்லை, போன் தானாகக் காட்டியிருக்கிறது. மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். அத்தை மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் மாடிப்படி ஏறி வரும்போது அம்மா இன்னொரு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் டீ வாங்கிக்கொண்டு அத்தைக்குப் பின்னாலேயே படியேறினேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏண்டி, தட்டு எடுத்துக்கினு வந்து கூப்ட்டியே, அந்த சேனலு இன்னா ஆச்சு?"

"இருக்குது அண்ணி."

"அப்ப இது இன்னாது? ஊருக்குத் தெரிய ஒரு கல்யாணம், தெரியாம ஒரு கல்யாணமா?"

"அண்ணி, அது வந்து…"

"வாய மூடு. அந்த ஜாக்கெட்டு யாருது?"

"பேரு சொல்லலியே அண்ணி."

"பேரு வேற சொல்லணுமா? கைய தூக்கினா வயிறு தெரியும்னு சொல்றியே, அது யாரு வயிறு?"

"ஜாக்கெட்டு ஏறுதுன்னுதான் சொன்னேன். வயித்த பத்தி ஒண்ணும் சொல்லல."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது தடவ பாக்கும்போது எனக்கும் அப்டித்தான் பட்டுது" என்றாள். உடனே, "ஆனா நீ நெனச்சது வயித்ததான்" என்றாள்.

"ரெண்டு தடவ பாத்தீங்களா?"

"முழுசா பாத்தேன். நீ கத்திரிய கீழ வெக்கற வரைக்கும் பாத்தேன். எங்க இன்னா சொல்லி வெச்சிருக்கியோன்னு பாக்க வேணாமா?"

நம் சொந்தத்தில் அம்மாவின் வீடியோவைக் கடைசி வரை பார்த்த முதல் ஆள் எதிரில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மொத சேனல பாத்தீங்களா அண்ணி?"

"அத எதுக்கு பாக்கணும்? அதான் அன்னிக்கே அமுக்கியாச்சே."

நான் டீயை மேஜைமேல் வைத்தேன்.

"நீ சொல்லுடா," என்று அத்தை என் பக்கம் திரும்பினாள். "உன் பொண்டாட்டி செஞ்சது சரியா?"

"சொல்லுங்க," என்று அம்மாவும் திரும்பினாள்.

"டீ ஆறுது" என்றேன்.

"இவன கேட்டேன் பாரு!" என்று அத்தை கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். அன்றைக்கு அவள் போட்டிருந்தது பச்சை ஜாக்கெட். அதே அளவில் அம்மா தைத்ததுதான். கையோடு சேர்ந்து அதுவும் மேலே ஏறியது.

"அண்ணி, அப்டியே நில்லுங்க. கைய எறக்காதீங்க" என்றாள் அம்மா.

"எதுக்குடி?"

"நில்லுங்க."

குண்டூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அக்குளுக்குக் கீழே தொங்கின துணியை மடித்துக் குத்த ஆரம்பித்தாள். அத்தை கையைத் தூக்கியபடியே திட்டினாள். பத்திரிகை வைக்காததைத் திட்டினாள், எங்கள் கல்யாணத்தில் அவள் புருஷனுக்குச் சரியாக மாலை போடாததைத் திட்டினாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே குத்தினாள். இந்தப் பக்கம் முடிந்ததும் "அந்தக் கை" என்றாள். அத்தை அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எல்லாம் முடிந்து, "இப்ப தூக்குங்க" என்றாள் அம்மா. அத்தை தூக்கினாள். ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குப் போய், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா ஏண்டி இப்டி தெக்கல?"

"நீங்க அளவெடுக்க விடல. அதே மாதிரி தைன்னீங்க."

அத்தை டீயைக் குடித்தாள். ஆறித்தான் போயிருந்தது.

அப்போதுதான் அம்மா போனைப் பார்த்தாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. பதறிப்போய், "அழிச்சிடறேன் அண்ணி" என்று ஓடினாள்.

"எதுக்கு அழிக்கற? போடு."

"அண்ணி, நெஜமாவே போட்டா எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். நான் கேட்டது நியாயமா, நீ பண்ணது நியாயமான்னு நாலு பேரு சொல்லட்டும். ஆனா நான் பேசுனத வெட்டாத. ஜாக்கெட்டு மேல ஏறாத எடத்தயும் வெட்டாத."

பஞ்சாயத்துக்கு வைத்த மாதிரி அத்தை அதை வைத்தாள். பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளைக் கூட உட்கார வைத்துக்கொண்டு, தான் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். குண்டூசி குத்தியபோது அவள் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டோம். அதற்கும் அவளிடம் அனுமதி வாங்கினோம்.

வழக்கு என்று தெரிந்ததும் நம் சனங்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. தட்டு இல்லை, குங்குமம் இல்லை, நான் யார் போனையும் அமுக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தார்கள். முழுசாகப் பார்க்காமல் தீர்ப்பு எப்படிச் சொல்வது? பனமலை மாமா எனக்குப் போன் செய்து, "கூப்டாதது உங்க தப்புதாம்பா. ஆனா அந்த வளைவு விஷயத்துல உன் சம்சாரம் சொல்றது சரி. எங்க வீட்லயும் பாத்தோம், ஏறத்தான் செய்யுது" என்றார். தளவானூர்க்காரன் அத்தை பக்கம். அவன் வீட்டுக்காரி அம்மா பக்கம். அவர்களுக்குள் அது தனிச் சண்டையானது.

வெளியாட்களும் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அத்தைக்கு நியாயம் சொன்னார்கள். மீதிப் பேர் குண்டூசி குத்தின இடத்தை இன்னும் பக்கத்தில் காட்டச் சொன்னார்கள். சமையல் செய்துகொண்டே சத்தத்தை மட்டும் கேட்டேன், சிரிப்பு தாங்கவில்லை என்று ஒருத்தி எழுதினாள். அத்தை மருமகளைப் படிக்கச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டாள். தீர்ப்பு சமமாக இருந்ததால் அவளுக்குத் திருப்தி இல்லை. அடுத்த வாரமும் வந்தாள். அம்மா வெட்டுகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்து, எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொன்னாள். கழுத்து இறக்கம் ஜாஸ்தி என்றாள். கொக்கி வைக்கிற பக்கம் தப்பு என்றாள். அம்மா பதில் சொன்னாள். அதெல்லாம் வீடியோவானது. கட்டுரையில் விடாமுயற்சி என்று ஒரு வார்த்தை வருகிறதே, அந்த வார்த்தைக்கு உரியவள் அத்தை.

பெரிதாக வளர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தெருவில் யாரும் அம்மாவை நிறுத்தி போட்டோ எடுக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு முந்தின வாரம், மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் படியேறி வந்து, "சண்ட போடற அக்கா கிளாஸ் இதானுங்களா?" என்று கேட்டாள். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மெஷின்மேல் இருந்த துணியை அம்மா எடுத்தாள். நாலாவது மெஷின் மூடியே இருந்தது.

நாலு பேர் என்று ஆடியில் சொன்னவள் அவளே. பொங்கல் அன்றைக்கு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இவங்க நெலைப்பாங்களா?"

"தெரியல" என்றேன்.

"வேற ஏதாச்சும் சொல்லுங்களேன்."

யோசித்தேன். "எனக்கு நெஜமாவே தெரியல" என்றேன். அவள் தலையாட்டினாள். நீலக் கோட்டு மடித்தபடி அலமாரியில் இருந்தது.

காணும் பொங்கல் கழிந்து வகுப்பு திறந்த அன்று கம்பெனி சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. அத்தை அன்றைக்கும் வந்திருந்தாள். மேஜைமேல் இருந்த போனை எடுத்து, "யாரு? கம்பெனியா? அவ வரமாட்டா. இங்க ஆளுங்க கத்துக்கறாங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வணக்கங்க. நான்தாங்க பேசறேன். அவங்க எங்க நாத்தனாரு… ஆமாங்க, அவங்கதான். பாத்தீங்களா நீங்களும்?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. "இல்லிங்க, வரல." மறுபடி கேட்டாள். "யோசிச்சிட்டேங்க. அடுத்த வருஷம் எப்டியோ தெரியாது. இப்ப வரல."

போனை வைத்துவிட்டாள். மூன்று பெண்களும் அவளையே பார்த்தார்கள். நான் கதவருகில் நூல் பெட்டியோடு நின்றிருந்தேன். அம்மா குண்டூசிப் பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, மேஜைமேல் இருந்த துணியைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏண்டி, அழுவறியா?" என்று அத்தை கேட்டாள்.

அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப பேசு."

"வாயில குண்டூசி இருக்குது அண்ணி," என்றாள் அம்மா பல்லைக் கடித்தபடி. "பேச வெக்காதீங்க."

அத்தை அந்த நாலாவது மெஷினுக்குப் போய், மேலே இருந்த துணியை எடுத்து உதறினாள். தூசி கிளம்பியது. யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டு, ஊசியில் நூல் எப்படிக் கோப்பது என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.